அச்சச் சுவையும் வரலாற்றுக் கடனும்: வன்னியிலிருந்து ஓர் இளையோர் நாவலை நோக்குதல்

1

பேயும் மாயமும் பயின்றுவரும் நாவலொன்றைச் சமூகப் பொறுப்புணர்வுடைய வாசகர் மனமார இரசிக்கலாமா என்னும் வினா, ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் எழுப்பப்படாமலே விடையிறுக்கப்பட்டுவிட்ட வினாக்களுள் ஒன்றாகும். 1950களிலும் 1960களிலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சூழ்ந்து வளர்ந்த இலக்கிய நோக்கு, யதார்த்தத்தை ஆக்க இலக்கியத்தின் உரைகல்லாகக் கொண்டது. க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), கா. சிவத்தம்பியின் 'நாவலும் வாழ்க்கையும்' (1978) ஆகிய நூல்கள், நாவலை அது தோன்றிய சமுதாயத்தோடு பொருத்திப் பார்க்க எமக்குக் கற்பித்தன. அப்பயிற்சியால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அதன் நிழலில் எளிய முடிவொன்றும் வளர்ந்துவிட்டது: மாயக்கதை சிறுவர்க்குரியது, சிறுவர்க்குரியது விமர்சனத்துக்கு உரியதன்று என்பதே அது. அம்முடிவை மீண்டும் பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் நூல், இங்கிலாந்து எழுத்தாளரான பிரான்சிஸ் ஹார்டிங் எழுதி 2014 இல் வெளிவந்த 'குக்கூ சோங்' என்னும் இளையோர் நாவல். தமிழில் 'குயிலின் பாட்டு' எனலாம். சிறந்த மாயப்புனைவு நாவலுக்கான பிரித்தானியப் பரிசு 2015 இல் இதற்கு வழங்கப்பட்டது. இவ்வாசிரியரின் அடுத்த நாவலாகிய 'த லை ட்றீ', 2015 ஆம் ஆண்டுக்குரிய கொஸ்ரா விருதுகளில் ஆண்டின் சிறந்த நூலாகத் தெரிவாயிற்று. இளையோர்க்கென எழுதப்பட்ட நூலொன்று அப்பெருமையைப் பெற்றது, பிலிப் புல்மனுக்குப் பின் அதுவே முதல் தடவை. பரிசுகள் தரத்துக்கு முடிந்த சான்றாகா. ஆயினும், இளையோர் இலக்கியம் வளர்ந்தோர் இலக்கியத்தின் பக்கத்தில் வைத்து மதிக்கப்படத்தக்கது என்னும் உணர்வு பிறவிடங்களில் வேரூன்றிவருவதை அவை காட்டுகின்றன.

இந்நாவலை வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் 2009 மே மாதத்தின் பின் பிறந்தவர்கள் இன்று மேல்வகுப்புகளை எட்டியுள்ளனர். போரை அவர்கள் கண்டதில்லை. ஆனால் போர் முடியாத வீடுகளில் வளர்ந்திருக்கிறார்கள். சுவரில் மாலையிட்ட படமாகவோ, மாலையிடத் துணியாத படமாகவோ இருக்கும் அண்ணனின் பார்வையில் அவர்கள் படித்துத் தேறுகின்றனர். போரைக் கண்டவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளும் கவிதைகளும் புனைகதைகளும் எம்மிடம் உள. போருக்குப் பின் வந்த பிள்ளையின் நிலையைப் பொருளாகக் கொண்ட எழுத்தோ அருமையாகவே காணக் கிடைக்கிறது. 'குக்கூ சோங்' அந்த நிலையையே தன் மையப் பொருளாகக் கொண்டது என்பதும், அதனை அச்சச் சுவையின் வழியாகவன்றி வேறு வழியாற் சொல்லியிருக்க முடியாது என்பதும் எமது கருத்து.

2

அந்நிய நாவலொன்றினுள் நுழையுமுன் எமது முற்றத்தை ஒருமுறை நோக்குதல் தகும். அமானுடமும் வரலாறும் இளையோரும் ஒன்றுகூடும் கதை வன்னிக்குப் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் தோற்றம் பற்றிய ஐதிகம் யாவரும் அறிந்தது. மதுரையை எரித்தபின் கண்ணகி ஈழத்துக்கு வந்து, நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்முன் முதிய பெண்ணாகத் தோன்றுகிறாள். விளக்கேற்றும்படி கேட்கிறாள், எண்ணெய் இல்லை என்கின்றனர் சிறுவர், கடல்நீரை வார்க்கும்படி சொல்ல, விளக்கு எரிகிறது. தன் தலையைப் பார்க்கும்படி அவள் சொல்ல, மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர், தலை முழுவதும் கண்கள் நிறைந்திருக்கக் காண்கின்றனர். பின் அவள் மறைந்துவிடுகிறாள். வைகாசி விசாகப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இக்கதையோடு பிணைந்ததாகும்.

கதையாக மட்டும் கொண்டு நோக்குமிடத்து இதன் அமைப்பிலே மூன்று கூறுகள் கவனத்துக்குரியன. முதலாவது, அற்புதத்தைக் காண்போர் சிறுவர்; பெரியோர் அவ்விடத்தில் இல்லை. இரண்டாவது, அச்சம் பிறக்குமிடம் மிகச் சாதாரணமானது. திண்ணையிலிருந்து ஒருவர் தலையை ஒருவர் பார்ப்பது எமது வீடுகளின் அன்றாடக் காட்சி. அந்த அன்றாடச் செயலின் நடுவிலேதான் மயிர்க்கூச்செறியும் கணம் வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, வந்தவள் வெறும் அணங்கல்லள். அரசு இழைத்த அநீதியாற் கணவனை இழந்து, நியாயம் கேட்டு, ஊர்விட்டு ஊர் வந்தவள். அவளின் ஆயிரம் கண்களுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. இந்நந்திக்கடலின் கரையிலேயே 2009 மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் கழிந்தன என்பதை நினைக்கும்போது, இக்கதை முன்னிலும் கனம் பெறுகிறது.

எழுத்திலக்கியத்திலும் இத்தொடர்புக்குத் தொடக்கம் உண்டு. திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்று. அது, பிரிந்த இரட்டையருள் ஒருவன் கரடியால் வளர்க்கப்படும் ஐரோப்பிய அற்புதக் கதையொன்றின் தழுவலாகும். நான்கு ஆண்டுகளின் பின் அதே திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டார். அற்புதமும் வரலாறும் எமது நாவலின் தொட்டிலிலேயே இருந்தன. பின்னர் யதார்த்தம் வன்மை பெற்றபோது வன்னி மண் பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) வழியாக நாவலுலகிற் காலூன்றியது. தண்ணிமுறிப்புக் காட்டையும் அதன் மக்களையும் அந்நூல் மனத்தில் நிலைக்கச் செய்தது. ஆயின் வற்றாப்பளைச் சிறுவர்கள் கண்ட கண்களும், 'நிலக்கிளி' கண்ட காடும் ஒரே நூலுக்குள் சந்தித்த இடங்கள் எமக்குக் குறைவு. அச்சந்திப்பு எவ்வாறு நிகழலாம் என்பதற்கு 'குக்கூ சோங்' ஒரு முன்மாதிரியாகும்.

3

நாவலின் காலம் 1920. களம் எல்செஸ்ரர் என்னும் கற்பனை நகரம். பதினொரு வயதுத் திரிஸ், கிறிமர் என்னும் குளத்துள் விழுந்து மீட்கப்பட்டு, காய்ச்சலின் பின் கண்விழிக்கிறாள். நினைவுகள் சிதறிக் கிடக்கின்றன. தாய் தந்தையர் கவலையோடு சூழ்ந்து நிற்கின்றனர். இரண்டு வயது இளைய தங்கை பென் மட்டும் அவளை அருவருத்து, இவள் என் அக்கா அல்லள் என்று கூவுகிறாள். பின் வருவன யாவும் சிறிது சிறிதாக, வீட்டுப் பொருள்களின் வழியாகவே வருகின்றன. எவ்வளவு உண்டும் தீராத பசி. தலையணையில் உதிர்ந்து கிடக்கும் சருகுகள். தன்னைக் கண்டு அலறும் பொம்மை. கண்ணீருக்குப் பதிலாகக் கண்ணில் வரும் சிலந்தி நூல். இன்னும் எத்தனை நாள் என்று காதருகே எண்ணிக்கொண்டு வரும் குரல். பசி மீறியபோது அவள் தன் பொம்மையையே உண்டுவிடுகிறாள். அக்காட்சி, அண்மைக்கால இளையோர் புனைகதையில் எமக்குத் தெரிந்தவற்றுள் மிகத் திகிலூட்டுவனவற்றுள் ஒன்று.

நூலின் முற்பகுதியிலேயே உண்மை வெளிப்படுகிறது. அவள் திரிஸ் அல்லள். உண்மைத் திரிஸ் கடத்தப்பட்டுவிட்டாள். அவளிருந்த இடத்தில் வைப்பதற்காக இலையும் சுள்ளியும் நாட்குறிப்பின் கிழிந்த தாள்களும் சேர்த்துச் செய்யப்பட்ட மாற்றுக்குழந்தையே இவள். ஏழு நாளே அவளுக்கு ஆயுள். பின்னர் திரிஸ்தா என்று தனிப்பெயர் பெறுகிறாள். எவளோடு சேர்ந்து நாம் அஞ்சிக்கொண்டிருந்தோமோ, அவளே அஞ்சப்படும் பொருள் என்று அறியும் கணத்தில் வாசகரின் நிலை மாறுகிறது. பேய்க்கதைகள் பொதுவாகப் பேயிலிருந்து எம்மைப் பிரித்து வைத்துப் பாதுகாப்புத் தருவன. இந்நாவல் அப்பாதுகாப்பை நீக்கி, போலிப் பிள்ளையின் கண்ணாலேயே வீட்டைப் பார்க்கச் செய்கிறது. இந்நூலை இரசிப்பதன் முதற் காரணம் இதுவே. அச்சம் அனுதாபமாக மாறும் விதத்தை ஒவ்வோர் அதிகாரத்திலும் உணர்ந்துகொண்டே செல்கிறோம்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரு சாவு. திரிஸின் அண்ணன் செபஸ்தியன் முதலாம் உலக மகாயுத்தத்தில் இறந்தவன். அவனது அறை அவன் விட்டுச்சென்றபடியே காக்கப்படுகிறது. ஆயின் அவனிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிவில்லாத பனிக்காலமொன்றிலிருந்து அவன் எழுதுகிறான். அவனை மணக்கவிருந்த வயலற் எங்கு நெடுநேரம் தங்கினும் அங்கே பனி கொட்டத் தொடங்கிவிடும்; ஆதலால் மோட்டார் சைக்கிளில் ஓரிடம் நில்லாது திரிகிறாள். தந்தை பியர்ஸ் கிறெசன்ற் புகழ்பெற்ற பொறியியலாளர். மகனைச் சாவிடமிருந்து மீட்கலாம் என்னும் ஆசையில், 'அருகிருப்போர்' எனப்படும் அமானுடக் கூட்டத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞன் ஒருவனோடு அவர் செய்த பேரமே குடும்பத்தின் கேடனைத்துக்கும் மூலம்.

இங்கு வரலாறு வெறும் பகைப்புலமாக நில்லாமை கருதத்தக்கது. போரில் இறந்த படையினரின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்பது அக்காலப் பிரித்தானிய அரசின் கொள்கை. 1920 நவம்பர் 11 இல், பெயரறியப்படாத படைவீரர் ஒருவரின் உடல் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது. உடல் கிடையாத எண்ணற்ற குடும்பங்களுக்கு அவ்வொரு கல்லறை பதிலாயிற்று. இறந்தோரோடு பேசும் ஆவியுலகக் கூட்டங்கள் அக்காலத்திற் பெருகின. போர் முடிந்த 1918 ஆம் ஆண்டிலேயே மகனை இழந்த ஆர்தர் கொனன் டொயில், கொற்றிங்லி என்னும் ஊரில் இரு சிறுமியர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட வனதேவதைப் படங்களை 1920 டிசம்பரில் 'ஸ்ராண்ட்' சஞ்சிகையில் உண்மையென வெளியிட்டார். அவை பெரும்பாலும் புனையப்பட்டவை என அவ்விருவரும் முதுமையில், 1983 இலேயே ஒப்புக்கொண்டனர். துப்பறியும் கதையின் தர்க்கத்துக்குப் பேர்போன எழுத்தாளரே வனதேவதையை நம்புமளவுக்குத் துயரம் ஒரு சமுதாயத்தின் அறிவை அசைத்த காலம் அது. போர் பழைய நிச்சயங்களைக் குலைத்தமையாலேயே அருகிருப்போர் நகரத்துக்குட் குடிபுக முடிந்தது என ஹார்டிங் அமைத்திருப்பது, இவ்வரலாற்று உண்மையைக் கதையின் விதியாக மாற்றியதாகும்.

4

அச்சத்தின் இயல்பை ஆராய எமக்குப் பிறநாட்டுக் கோட்பாடுகள் மட்டுமே உள என்பதில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கொண்ட தொல்காப்பியம், அது பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுக்கிறது. இப்பகுப்பில் வியப்புக்குரியது நான்காவதே. தெய்வத்தையும் காட்டு விலங்கையும் கள்வரையும் அஞ்சுதல் எங்குமுள்ளது. தன்னைக் காக்க வேண்டியவரையே அஞ்சுதலை அவற்றுக்குச் சமமாக வைத்தமை, அச்சத்தைச் சமூக உறவாகக் கண்ட நோக்காகும்.

'குக்கூ சோங்' நாவலை இந்நான்கின் வழியே நோக்கின் அதன் கட்டுக்கோப்பு தெளிவாகிறது. கட்டடக் கலைஞனும் அவன் கூட்டமும் அணங்கின்பாற்படுவர். முட்செடி போன்ற பற்களோடு பசித்து நிற்கும் திரிஸ்தாவின் உடல் விலங்கின்பாற்படும். பிள்ளையைத் திருடிச் சென்றவர் கள்வர். ஆயின் நூல் முடிந்தபின் மனத்தில் தங்கும் அச்சம் நான்காம் வகையினது. திரிஸின் பெற்றோர் கொடியவர் அல்லர், அன்பு மிகுந்தவர்கள். ஒரு பிள்ளையைப் போருக்குக் கொடுத்துவிட்டதால், அடுத்த பிள்ளையை என்றும் நோயாளியாகவே வைத்திருக்க விரும்புகிறார்கள். வெளியே விடாது, விளையாட விடாது, வளரவிடாது காக்கிறார்கள். நலமுற்ற பிள்ளை ஒருநாள் வீட்டைவிட்டுப் போகும். நோயுற்ற பிள்ளை போகாது. உண்மைத் திரிஸ் கடத்தப்படுவதற்கு முன்பே அவ்வீட்டில் ஒரு மாற்றுக்குழந்தை செய்யப்பட்டுக்கொண்டிருந்தது என்பதே நாவலின் உட்கிடை. செபஸ்தியனின் வெற்றிடத்தை நிரப்பும்படி உயிருள்ள ஒரு பெண் திருத்தியமைக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். கவனிக்கப்படாமையால் வெகுண்ட இளைய மகள் பென், அக்காவைக் கொண்டுபோகும்படி தானே பேரம் பேசினாள் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

1919 இல் சிக்மண்ட் புரொய்ட் எழுதிய கட்டுரையொன்று, திகிலுணர்வு முற்றிலும் அந்நியமானதிலிருந்து பிறப்பதில்லை. நன்கு பழகிய, மறைத்து வைக்கப்பட்ட வீட்டுப் பொருளொன்று மீண்டும் தலைகாட்டும்போதே பிறக்கிறது எனக் கூறிற்று. வற்றாப்பளைச் சிறுவர் மயிரை விலக்கிய செயலையும், திரிஸ்தா தன் பொம்மையை எடுத்த செயலையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து நோக்குவோர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

இன்னொரு பொதுமையும் சுட்டத்தக்கது. கத்தரிக்கோல் அருகிருப்போரை விலக்கும். இராப்பயணத்தில் இரும்புத் துண்டொன்றையும் வேப்பிலையையும் உடன்கொண்டு செல்லும் எமது மக்களுக்கு இதற்குக் குறிப்புரை வேண்டியதில்லை. கிறிமர் குளக்கரையும் வன்னிக் குளக்கட்டும் வெகுதொலைவு உடையன அல்ல. ஆதலால் இந்நாவலைச் சுவைக்க ஆங்கிலேய மரபு முழுவதையும் கற்றிருக்க வேண்டுமென்பதில்லை. முனியும் காடேறியும் உலவிய ஊர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த செவி போதும்.

5

இனி, முற்போக்கு வாசகர் எழுப்பக்கூடிய தடைகளை நோக்குவோம். முதலாவது தடை: போரின் துயரத்துக்கு அமானுடரைக் காரணராக்குவது, போரை நடத்திய வர்க்கங்களையும் அரசுகளையும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா? இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஆயினும் நாவலை நுணுகிப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். அருகிருப்போர் போரைத் தொடக்கவுமில்லை, செபஸ்தியனைக் கொல்லவுமில்லை. கொன்றது போர். அவர்கள் செய்தது துயரத்தை முதலாகக் கொண்டு வாணிகம் நடத்தியதே. அப்பேரத்தால் கிறெசன்ற் குடும்பத்துக்கு வந்தது மகனல்லன். பாலங்களும் கட்டடங்களும் புகழும் செல்வமும். நகரின் கண்ணைக் கவரும் அபிவிருத்தி முழுவதும், வெளியே சொல்லமுடியாத ஓர் ஒப்பந்தத்தின்மேல் எழுந்து நிற்கிறது. பாலத்தின் அடியிலோ வேறொரு கூட்டம் குடியிருக்கிறது. மத்தியதர வர்க்கத்தின் செழிப்பையும் அதன் மறைவான விலையையும் இவ்வளவு கண்கூடாக ஓர் இளைஞருக்கு விளக்கும் உருவகத்தை யதார்த்த நாவல்களில் அடிக்கடி காண்பதற்கில்லை.

வயலற்றின் பாத்திரமும் இவ்வகையில் முக்கியமானது. போர்க்காலத்தில் ஆடவர் செய்த தொழில்களைப் பெண்கள் ஏற்றனர். போர் முடிந்ததும் 1919 இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று, தொழிற்சாலைகளிற் போருக்கு முந்திய நடைமுறைகளை மீளக் கொண்டுவந்து, பெண்கள் பலரை வெளியேறச் செய்தது. மணமாகாதவளாதலால் மனைவியுமல்லள், உறவினளுமல்லள், துக்கம் கொண்டாடும் உரிமையும் அற்றவள் வயலற். குட்டை முடியோடும் உரத்த வண்டியோடும் ஊர் பழிக்கும் அவளே, போலிப் பிள்ளையென்று அறிந்தும் திரிஸ்தாவுக்கு அடைக்கலம் தருகிறாள். குடும்பம் என்பது இரத்தத்தால் அமைவதா, பொறுப்பேற்றலால் அமைவதா என்னும் வினாவுக்கு ஆசிரியரின் விடை ஐயத்துக்கிடமின்றி இங்குள்ளது.

இரண்டாவது தடை எமக்கும் உடன்பாடானதே. அப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து பணியாற்றினர். பேரரசின் குடியேற்ற நாடுகள் உயிரையும் உழைப்பையும் கொடுத்தன. அப்பேரரசு இந்நாவலின் முன்னரங்குக்கு வருவதில்லை. பாலத்தின் அடியில் வாழ்வோரைக் கண்ட கண், கடலுக்கு அப்பால் இருந்தோரைக் காணவில்லை. மேலும், நூலின் பிற்பகுதியில் துரத்தலும் தப்பலும் விரைவு கொள்ளும்போது, முற்பகுதியில் வீட்டின் நான்கு சுவருக்குட் கட்டியெழுப்பப்பட்ட திகிலின் செறிவு தளர்கிறது. கட்டடக் கலைஞன் கண்முன்னே வந்து பேசத்தொடங்கியதும், அவனது பாலங்களைக் கண்டபோது உண்டான அச்சம் பாதியாகிறது. இக்குறைகளைச் சொல்வதும் சுவைத்தலின் ஒரு பகுதியே.

6

வன்னி வாசகருக்கே உரிய ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. இக்கட்டுரையில் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு அணுகவேண்டிய இடமும் இதுவே. செபஸ்தியனின் கடிகாரம் நின்றுபோயுள்ளது; அது நின்றிருக்கும்வரை அவனது சாவும் முடிவுறாது நிற்கும். அவனை விடுவிப்பதென்றால் அவன் இறந்துவிட்டான் என்பதை உயிரோடிருப்பவர் ஏற்க வேண்டும். நாவலின் முடிவு அத்திசையிலேயே செல்கிறது. இதைப் படிக்கும் ஒருவர், எமது தாய்மாரும் இவ்வாறே விட்டுவிட வேண்டும் என்ற படிப்பினையை எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படிப்பினை பிழையானது, நாவலுக்கும் துரோகமானது.

ஏனெனில் செபஸ்தியனின் சாவு அறியப்பட்டது. அது பற்றி அவனது அரசு குடும்பத்துக்கு அறிவித்தது. வன்னியில் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும், சில நாட்களுள் வவுனியாவிலும், தொடர்ந்து முல்லைத்தீவிலும் வீதியோரத்திற் போராட அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கேட்டது அந்த அறிவிப்பையே. ஆண்டுக்கணக்காக அப்போராட்டம் நீண்டது. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016 இல் நிறைவேறி, 2018 இல் அலுவலகம் இயங்கத் தொடங்கிற்று. மரணப் பதிவுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயுள்ளார் எனச் சான்றளிக்கும் பத்திரத்துக்கும் சட்டம் வழிசெய்தது. பத்திரம் கிடைத்தாலும் கேட்ட வினாவுக்கு அது விடையாகாது. 2023 ஜூன் மாதத்தில் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழியொன்று வெளிப்பட்டபோது, அவ்வினா நிலத்தின் அடியிலிருந்து மீண்டும் எழுந்தது.

இங்கு நாவலை உன்னிப்பாக வாசித்தல் எமக்குத் துணைசெய்கிறது. கிறெசன்ற் குடும்பத்தின் காலம் நின்றமைக்குக் காரணம் தாயின் பிடிவாதமான துக்கம் என்று ஹார்டிங் சொல்லவில்லை. செல்வாக்குள்ள ஒருவர் குடும்பத்தாருக்குத் தெரியாமற் செய்த பேரத்துக்குள் அக்கடிகாரம் அகப்பட்டுக் கிடக்கிறது. ஆதலால் நூல் முழுவதும் பிள்ளைகள் தேடித் திரிவது ஆறுதலையன்று, தகவலை. கடிதங்கள் எங்கிருந்து வருகின்றன, யார் கொண்டுவந்து வைக்கின்றனர், அப்பா யாரோடு என்ன பேசினார் என்று பூட்டிய இலாச்சிகளைத் திறந்து அறிகின்றனர். உண்மையை அறிந்த பின்னரே விடைகொடுத்தல் நிகழ்கிறது. இந்த ஒழுங்குமுறையே நாவலின் அறம். முதலில் அறிதல், பின்னரே துறத்தல். பின்னதை மட்டும் எடுத்து வன்னித் தாய்க்கு உபதேசமாக நீட்டுவோர் நூலைப் பாதியிலிருந்து படித்தவர்கள் ஆவர்.

அதேவேளை, நாவல் பிள்ளையின் பக்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. தாயின் காத்திருப்பு நியாயமானது. அக்காத்திருப்பே பிள்ளையின் முழு வாழ்வாகிவிடுவது நியாயமன்று. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. உறவினர் முன்னிலையில் ஓர் இளைஞரால் இதனை வாய்விட்டுச் சொல்ல முடியாது, சொன்னால் நன்றிகெட்டதனமாகும். சருகாலும் சுள்ளியாலும் ஆன ஒரு சிறுமியைப் பற்றிய கதையின் மறைவில் அவர் அதனை எண்ணிப் பார்க்கலாம். அச்சச் சுவை இளையோர்க்கு வழங்கும் சுதந்திரம் இதுவாகும். அதனைத் தப்பியோடல் என்று பெயரிடுதல் பொருந்தாது.

7

நூலின் தலைப்பைக் கருதி இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். ஐரோப்பியக் குக்கூ தன் முட்டையைப் பிற பறவையின் கூட்டில் இடும். பொரித்துவரும் குஞ்சு, கூட்டுக்குரிய முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் உந்தி வெளியே தள்ளிவிடும். ஆங்கில வாசகர் மாற்றுக்குழந்தையை அஞ்சுவதற்கு இப்படிமம் அடித்தளம். எமது குயிலும் காகத்தின் கூட்டிலேயே முட்டையிடும். ஆயின் அதன் குஞ்சு, காக்கைக் குஞ்சுகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு கூடவே வளரும். திரிஸ்தா கதையின் தொடக்கத்தில் குக்கூவாகக் கருதப்படுகிறாள். முடிவில் குயிலாகவே நிற்கிறாள். உண்மைத் திரிஸை மீட்க உயிரைப் பணயம் வைத்து, தனக்குரியதல்லாத கூட்டைப் பற்றிக்கொள்ளாது, தன் வாழ்வைத் தானே தேடிச் செல்கிறாள். தமிழ் வாசகர் இத்தலைப்பைத் தம் பறவையைக் கொண்டு படித்தால் நூலின் முடிவு அவருக்கு இன்னும் இயல்பாகத் தோன்றும்.

வன்னியின் இளைய எழுத்தாளர் ஹார்டிங்கைப் பின்பற்றி எழுத வேண்டும் என நாம் கூறவில்லை. வனதேவதைகளை இறக்குமதி செய்யும் தேவை எமக்கில்லை. குளக்கட்டும், கைவிடப்பட்டு மீண்டும் காடேறிய வளவும், முறிகண்டியில் தேங்காய் உடைத்துச் செல்லும் இரவுப் பேருந்தும், கடல்நீரில் எரியும் விளக்கும் எம்மிடம் உள. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது முதல் 2009 வரை, கணக்குத் தீர்க்கப்படாத வரலாறும் உண்டு. அவ்வரலாற்றை வீரப்பெருமிதமாக மட்டும் சொல்லிப் பழகிய எமக்கு, அதனை ஒரு பிள்ளையின் அச்சத்தின் வழியாகச் சொல்லிப்பார்க்கும் நாவல் தேவைப்படுகிறது. பாடசாலை நூலகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இளையோர் நாவலைப் பரிசுக்கும் விவாதத்துக்கும் உரிய துறையாக ஏற்பது அதற்கு முதற்படியாகும். நந்திக்கடற்கரையில் முதியவளின் தலையைப் பார்த்த சிறுவர் தாம் கண்டதை ஊருக்குள் வந்து சொன்னமையாலேயே அக்கதை எம்வரை வந்தது. இன்றைய சிறுவரும் தாம் வளர்ந்த வீடுகளுக்குட் கண்டதைச் சொல்லத் தொடங்குவர். அவ்வேளை அதனைப் பேய்க்கதை என்று ஒதுக்கிவிடாது வாசிக்கும் ஆயத்தத்தோடு விமர்சகர் இருத்தல் வேண்டும்.